தீக்குள் போன கோலமாவு

அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, அந்தக் கோடி வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு ஊரப்பாக்கத்துக்குப் போனதற்கு மாமியார் வாய் மட்டும் காரணமில்லை. பாதிக் காரணம் கேஸ் அடுப்பு. நீ இந்தத் தெருவுக்குக் குடிவந்து பால் காய்ச்சிய பாத்திரம்கூட இன்னும் காயவில்லை, உனக்கு எப்படித் தெரியும்? அடுப்பில் தீ மஞ்சளாக எரிந்தது. அந்தப் பெண் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. "இவ கால வெச்சா, என் வூட்டு நெருப்பே நிறம் மாறிப்போச்சு" என்று அந்த அம்மா சொல்ல, இந்தப் பெண் பெட்டியைத் தூக்கிவிட்டாள். நான் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு அடியில் காற்று நுழைகிற ஓட்டையில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. ஒரு துடைப்பக்குச்சியை விட்டு எடுத்தேன், தீ நீலமாகிவிட்டது. காற்று கலக்காமல் போனால் தீ மஞ்சளாகத்தான் எரியும். அதற்கு மருமகளின் கால் என்ன பண்ணும்?

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறாய். எங்கள் மாடியில் தீயைப் படிக்கிற பெண் ஒருத்தி குடியிருந்தாள்.

சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை. ரேஷன் கடையில் இன்றைக்கும் கட்டைவிரல்தான். ஆனால் மனிதர்கள் எதையெல்லாம் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேப்பர் படிப்பார்கள், பைபிள் படிப்பார்கள், டாக்டருக்குப் படிப்பார்கள். தீயைப் படிப்பார்களா?

அது எண்பதுகள் முடிகிற சமயம். இந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் கலர் டி.வி. இருந்தது, நாங்கள் எல்லாரும் அந்த வீட்டு ஜன்னலில் இருந்தோம். ராஜகீழ்ப்பாக்கம் கூட்ரோட்டுப் பக்கம் எங்கள் நெல்வயல் மனைகளாகிப் போயிருந்தது. என் மகன் கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு என்று கட்டினான். கூடவே ஒரு கார் ஷெட்டும் கட்டினான். கார் கிடையாது. வரும் என்றான். அது வருகிறவரை அதில் சைக்கிளும், விறகும், என் பேரப்பிள்ளைகள் எல்லாரும் படுத்து உடைத்த தொட்டிலும் இருந்தன.

மாடிக்கு ஒரு ரிட்டையர் ஆன ஹெட்மாஸ்டரும் அவர் மகளும் குடிவந்தார்கள். பம்மல்காரர்கள். அந்தப் பக்கத்துத் தோல் பதனிடுகிற வாசனை தன் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சார் சொன்னார். மனைவி தவறிப்போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை பேன்ட் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவார். அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள், நான் முதலில் எந்தக் கோயில் என்று குழம்பிப் போனேன். மகள் தினமும் எலெக்ட்ரிக் ரயில் ஏறி ஏதோ காலேஜுக்குப் போய் வந்தாள். டீச்சரா என்று கேட்டால் இல்லை. படிக்கிறாளா என்றால் ஆமாம். தலையில் ஒன்றிரண்டு நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் என்ன படிப்பு என்று எனக்குள் ஒரு குடைச்சல்.

குடைச்சல் தீர்ந்தது பம்ப் ஸ்டவ்வால். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு நான் கொல்லையில் பம்ப் ஸ்டவ்தான் பற்றவைப்பேன். அது போடுகிற சத்தத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். ஒருநாள் காலையில் மாடிப்பெண் காலேஜுக்குக் கட்டின நல்ல புடவையோடு இறங்கி வந்து, ஸ்டவ்வுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, அவனவன் காத பொத்திகினு ஓடுறான், நீ கிட்ட வந்து குந்திகினுகீற?"

"அம்மா, இது ஏன் இப்படிக் கத்துதுன்னு தெரியுமா?"

"பின்னு குத்தி நாளாச்சு. அதான்."

அவள் சிரித்தாள். "மண்ணெண்ணெய் ஆவியும் காத்தும் கலந்து வேகமா வருதில்லம்மா, அது நேரா வராது. சுழிச்சு சுழிச்சு வரும். வாய்க்கா தண்ணி மதகுல சுழிக்குமே, அந்த மாதிரி. அந்தச் சுழி தீக்குள்ள போனா என்ன ஆகும்? அடங்குமா, இன்னும் ஜாஸ்தியா ஆடுமா? அதுதான் என்னோட ரிசர்ச்."

"அடங்குதா ஆடுதான்னு பாக்கறதுக்கு ஒரு காலேஜா? எங்க மாமியார் வூட்ல குந்திகினே அதத்தான் பாத்துச்சு, என்னிய."

அன்றைக்கு அவளுக்கு ரயில் போய்விட்டது. எங்கள் வெந்நீர் கொதித்து வற்றிப்போனது. அதற்குப் பிறகு அவள் படியிறங்கும் சத்தம் கேட்டாலே எனக்கு ஏதாவது கேட்கத் தோன்றும். கேட்பதற்கு வெட்கம் என்ன? தெரிந்தவர்களுக்குத்தான் தெரியாது என்று சொல்ல வெட்கம். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

தீயில் இரண்டு சாதி உண்டு என்று அவள்தான் சொன்னாள். அகல் விளக்கு ஒரு சாதி. அங்கே எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து வரும், காற்று ஒரு பக்கத்திலிருந்து வரும், எரிகிற இடத்தில்தான் இரண்டும் சேரும். கேஸ் அடுப்பு இன்னொரு சாதி. அங்கே காற்றும் கேஸும் முன்னாலேயே கலந்துவிடும், அப்புறம்தான் எரியும்.

"அட, இலையில சோறும் கொழம்பும் தனித்தனியா போட்டுப் பெசையறது ஒண்ணு, புளியோதரையா கலந்தே எடுத்தாறது ஒண்ணு. அம்புட்டுதானே?"

"அம்மா! இதை நான் எங்க புரொபசர் சார்கிட்ட அப்படியே சொல்லப் போறேன்."

சொன்னாளா தெரியாது. அந்த சார் அப்போது புளியோதரை ரசிக்கிற நிலைமையில் இல்லை. அதை எனக்குச் சொன்னது ஹெட்மாஸ்டர். ஒரு நாள் படியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார். மேலே மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் அவர்கள் பாணியில் சண்டை. அவர்கள் பாணி என்றால் சத்தமே இருக்காது, இரண்டு பேரும் சாப்பிடமாட்டார்கள்.

"இன்னா சார், மேல ஒரே அமைதியா கீது? பயமா கீதே."

"பம்மல்ல எங்க பழைய பள்ளிக்கூடத்தில சயின்ஸ் டீச்சர் வேலை ஒன்று காலியாக இருக்கிறதம்மா. ஸ்கூல் திறக்கிறவரைக்கும் இவளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இவள் மாட்டேன் என்கிறாள்."

"படிப்பு முடியட்டுமேன்னு பாக்குதா?"

"முடியாது போலிருக்கிறதே. இவள் 'தீ சுழியை அடக்கிவிடும்' என்கிறாள். அந்தப் புரொபசர் 'தீயே புதுச் சுழியைக் கிளப்பும்' என்கிறார். அளந்து காட்டு என்றார். அளக்கிற கம்பி தலைமயிர் மாதிரி இருக்குமாம். தீயில் வைத்தால் பொசுங்கிப் போகிறது. லீவுக்குள்ளே கண்ணால் பார்க்கிற மாதிரி எதையாவது காட்டினால் சரி, இல்லாவிட்டால் வேறு தலைப்பு எடு, முதலிலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டார். முதலிலிருந்து என்றால் எத்தனை வருஷம்? எனக்கு வயதாகிறதே அம்மா."

அவருக்கு அந்த பயம். மகளுக்கு வேறு பயம். அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்கு ரசம் கொண்டுபோனபோது அவளே சொன்னாள். "டீச்சர் வேலை கெட்டதுன்னு நான் சொல்லலைம்மா. ஆனா அந்தத் தீக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாமலே நான் போயிடுவேன். அப்புறம் ஒவ்வொரு தடவை அடுப்பு பத்தவைக்கிறப்பவும் அது என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பாதியில் எழுந்துபோன கதையைப்போல ஒரு உபத்திரவம் உண்டா?

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. கம்பியால் அளக்க முடியாவிட்டால் கண்ணால் பார்க்கலாம். கூரை ஓட்டையில் வெயில் விழுந்தால் அந்தக் கோட்டில் மட்டும் தூசி தெரியுமே, அதேபோல. காற்றில் வெள்ளையாகத் தூள் கலந்து, கேஸோடு சேர்த்துக் குழாயில் அனுப்பி, மேலே பற்றவைத்து, இருட்டில் தகடு மாதிரி மெல்லிய வெளிச்சத்தைக் குறுக்கே பாய்ச்சினால் தூள் சுழல்வது தெரியும். போட்டோ பிடிக்கலாம். காலேஜில் அதற்கு ஒரு பெரிய விளக்கு இருந்தது. அது பழுதாகி எங்கேயோ அனுப்பியிருந்தார்கள், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"வெளிச்சந்தானே? எங்க டார்ச் லைட்டு கீது" என்றேன்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "என்னிடம் ஸ்லைடு காட்டுகிற மெஷின் இருக்கிறது. ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவேன். அதன் முன்னால் அட்டையில் கீறல் போட்டு வைத்தால் வெளிச்சம் தகடு மாதிரிதான் வரும்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று மகளைப் பார்த்தார். அவள் அப்பாவை அப்படியே கட்டிக்கொண்டாள். வேலைக்குப் போகச் சொன்ன மனுஷனே மெஷினையும் கொடுத்தார், பார். அப்பாக்கள் அப்படித்தான்.

இடத்துக்கு எங்கள் கார் ஷெட். கேஸுக்கு எங்கள் சிலிண்டர். இங்கேதான் என் மருமகள் வந்தாள். அவள் கெட்டிக்காரி, வாயும் கெட்டி.

"அத்தை, சிலிண்டர் புக் பண்ணா எப்ப வரும்னு அந்த ஏஜென்ஸிக்காரனுக்கே தெரியாது. தீர்ந்துபோச்சுன்னா உங்க புள்ள சோத்துக்கு ஆராய்ச்சியவா போடுவீங்க?"

"நான் பம்ப் ஸ்டவ்வுல ஆக்கித் தரேண்டி."

"ஆக்குவீங்க, ஆக்குவீங்க. மண்ணெண்ண க்யூவுல நிக்கறது யாரு?"

ஆனாலும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் வைத்தது அவள்தான். அவளுக்கும் பார்க்க ஆசை. வெளியே சொல்லமாட்டாள்.

மாடிப்பெண் காலேஜிலிருந்து நீளமான ஒரு பித்தளைக் குழாயும் காற்று ஊதுகிற சின்ன மெஷினும் கொண்டுவந்தாள். காற்றைச் சுழிக்க வைக்க வேண்டுமே, அதற்குக் குழாய்க்குள் வைக்க ஒரு கம்பி வலை வேண்டும் என்றாள். நான் ரவை சலிக்கிற பழைய சல்லடையைக் கொடுத்தேன். அவள் அதை வட்டமாக வெட்டியபோது மனசு சுருக்கென்றது, சொல்லவில்லை. ஓட்டை பெரிசாக இருந்தால் சுழி பெரிசு, சின்னதாக இருந்தால் சுழி சின்னதாம். காற்றைச் சலிக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லாம் தயார். ஷெட் ஜன்னலில் சாக்கு மாட்டியாகிவிட்டது. கதவைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், கேஸ் தேங்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். அதனால் விளக்கு வைக்கிற நேரம் வரட்டும் என்று காத்திருந்தோம். அப்போது அவள் கேட்டாள்.

"அம்மா, கொஞ்சம் கோலமாவு இருக்கா?"

"இன்னாத்துக்கு?"

"காத்துல கலக்கத்தான். அது எரியாது. வெள்ளையா பளிச்சுன்னு தெரியும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய விவசாயக் குடும்பம், கோலமாவுக்கா பஞ்சம்? உள்ளே ஓடி என் டப்பாவைத் திறந்து கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் அதைத் தன் புடவைத் தலைப்பில் போட்டு நைசாகச் சலித்து, ஊதுகிற மெஷினோடு இணைத்திருந்த டப்பாவில் கொட்டினாள். சார் படமெஷினைப் போட்டார். இருட்டில் ஒரு வெள்ளைத் தகடு நிமிர்ந்து நின்றது. அவள் தீக்குச்சி கிழித்தாள். குழாய் வாயில் நீலமாக ஒரு தீ, கவிழ்த்து வைத்த கூம்பு மாதிரி. சந்தனம் பூசினாற்போல அமைதியாக எரிந்தது. "இப்ப பாருங்க" என்று மாவு டப்பாவின் திருகைத் திறந்தாள்.

புஸ்ஸென்று அந்த நீலக் கூம்பு மஞ்சளாக வீங்கி, சூரசம்ஹாரத்தில் சூரன் தலை மாறினாற்போல இன்னொரு தலை எடுத்து, கூரை வரைக்கும் எழும்பியது. சார் "கர்த்தாவே!" என்று படமெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அவள் திருகுகளைச் சட்டென்று மூடிவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் முன்தலை மயிர் கொஞ்சம் சுருண்டது, அவ்வளவுதான். ஷெட் முழுக்க ஒரு வாசனை.

வாசலில் இருந்து மருமகள் குரல். "யாரு அத்தை பொரிமாவு வறுக்கிறது? ஏலக்கா போட்டீங்களா?"

மாடிப்பெண் கிண்ணத்தில் மிச்சமிருந்த மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அம்மா, இது அரிசி மாவு!"

"பின்ன? கோலமாவு அரிசி மாவாத்தான் இருக்கும்."

"ஐயோ, எங்க வீட்டுல கோலமாவுன்னா கல்லு மாவும்மா. கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கோலம் போட சைக்கிள்காரர்கிட்ட வாங்குவோமே, அது. அரிசி மாவு காத்துல பறந்தா எண்ணெய் மாதிரி எரியும்."

"கல்லு மாவுல கோலமா? எறும்பு இன்னா தின்னும்? வாசல்ல போடற கோலமே எறும்புக்குப் போடற சோறுதானே. எங்க வூட்டு வாசப்படி இன்னிக்கு வரைக்கும் கல்லு மாவைக் கண்டதில்ல."

ஒரே வார்த்தைதான் கண்ணு. அவள் சொன்ன கோலமாவு வேறு, நான் கேட்ட கோலமாவு வேறு. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறு வேறு பாஷை பேசியிருக்கிறோம்.

அந்தப் பெண் முகம் விழுந்துவிட்டது. மறுநாள் அந்தக் காற்று மெஷினைக் காலேஜில் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கேமராவும் இரவல். கோலமாவு சைக்கிள்காரன் காலையில்தான் வருவான். கடைத்தெருவுக்கு ஓடினால் ஒருவேளை கிடைக்கும், கிடைக்காமலும் போகும். சார் வெளியே நின்று மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி விடும்மா, முயற்சி பண்ணினோம்" என்று மெல்லச் சொன்னார். அந்தச் சொல்லில் பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காதா?

அப்போது என் மருமகள் கொல்லைப்பக்கம் போனாள். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் பாதிக்கு மேல் வெள்ளை மாவு. மாடிப்பெண் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடிப்பெண் விரலில் தேய்த்துப் பார்த்தாள். "கல்லு மாவு!"

நான் என் வாசப்படியைப் பற்றிப் பேசி வாய் மூடி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஏண்டி, இத்தினி நாளா எறும்புக்குக் கல்லையா போட்டுகினு இருந்த?"

"எறும்பு எங்க அத்தை வாசலுக்கு வருது? எல்லாம் உங்க சக்கரை டப்பாவுலதான் கீது."

"அப்ப நான் ஊறவெச்சு இடிச்சு சலிச்சுக் குடுத்த மாவெல்லாம் இன்னாச்சு?"

"கொழுக்கட்ட பூ மாதிரி கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

சார் சிரித்துவிட்டார். அந்த மனுஷன் சத்தம் போட்டுச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு நான் ஒரு பாட்டம் ஆடியிருக்க வேண்டும். ஆனால் கண்ணு, என் மனசெல்லாம் அந்தக் குழாயில் இருந்தது. அவள் நினைத்திருந்தால் பாட்டிலை எடுக்காமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்காகத் தன்னையே காட்டிக்கொடுத்தாள். "சரி சரி, நவுரு, வெளிச்சத்த மறைக்காத" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை இவ்வளவு சுருக்கமாக முடிந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சத் தகடு. நீலக் கூம்பு. திருகைத் திறந்தாள். தீ லேசாக ஆரஞ்சு அடித்தது, வீங்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது.

எப்படிச் சொல்லுவேன்? தீக்குக் கீழே, குழாய் வாயில், வெள்ளைத் தூள் சுருள் சுருளாக வந்தது. பிறந்த குழந்தையின் முடி மாதிரி ஒவ்வொன்றும் ஒரு சுருள். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, இடித்துக்கொண்டு வந்தன. தீயின் ஓரத்தைத் தொட்டதும் அந்தத் தூள் சட்டென்று விலகி, அடர்த்தி குறைந்து, மங்கலாகிவிட்டது. அந்தப் பக்கம் போனவற்றில் சுருளே இல்லை. நீள நீளமாக, வாரிவிட்ட தலை மாதிரி மேலே ஓடின.

"தூளு எங்க போச்சு?" என்றேன்.

"எங்கயும் போகலைம்மா. அதே தூள்தான். தீ பட்டதும் காத்து உப்பிடுது. பூரி உப்புதில்ல, அந்த மாதிரி. இடம் வேணும்னு தள்ளிக்கிட்டு வேகமா ஓடுது. அதான் தூள் விலகித் தெரியுது."

"சுருளு?"

"அதைத்தான் பாருங்க." கேஸைக் குறைத்தாள். தீ சோர்ந்து வெளுத்தது. இப்போது சில சுருள்கள் தீயைத் தாண்டியும் சுருளாகவே போயின. கேஸைக் கூட்டினாள். தீ உறைத்தது. சுருள்களை இஸ்திரி போட்டாற்போல நீட்டிவிட்டது. குறைத்தாள், கூட்டினாள், குறைத்தாள். என் மருமகள் சிலிண்டரை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சூடு ஜாஸ்தியானால் சுழி அடங்குகிறது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கேமரா கிளிக் கிளிக் என்றது.

எனக்குத் தாம்பரம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. ரயில் வந்ததும் பிளாட்பாரத்தில் ஜனம் இப்படியும் அப்படியும் சுற்றும், கூடைக்காரி ஒரு பக்கம், பெட்டிக்காரன் ஒரு பக்கம். படியேறி வெளியே ரோட்டில் காலை வைத்ததும் எல்லாரும் நேராக விர்ரென்று நடப்பார்கள். பின்னால் இருந்து தள்ளுகிறது, முன்னால் இடம் இருக்கிறது. அப்புறம் யார் சுற்றிக்கொண்டிருப்பார்கள்?

அதைச் சொன்னேன். சார் தலையை ஆட்டினார். அப்போது மருமகள்தான் மேலே காட்டினாள். "அக்கா, அங்க இன்னா அது? அங்க மட்டும் உருளுது?"

தீக்கு மேலே, வெளிச்சத் தகட்டின் ஓரத்தில், சூடான காற்று வெளிக்காற்றை உரசுகிற இடத்தில், பெரிய பெரிய உருளைகளாகத் தூள் சுருண்டு சுருண்டு ஏறிக்கொண்டிருந்தது. கீழே இருந்ததைவிடப் பெரிசு. மாடிப்பெண் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்க புரொபசர் சொன்னதும் இருக்கு" என்றாள் மெதுவாக. "தீ, வந்த சுழியை அடக்குது. அடக்கிட்டு, தானே வேற ஒண்ணைக் கிளப்புது."

"அப்ப நீ தோத்துட்டியா?" என்றேன்.

"இல்லம்மா. பாதி."

பாதி தோற்றவள் முகமா அது? கல்யாணப் பெண் முகம். அந்த ஓரத்தையும் படம் பிடித்தாள். வேண்டாததை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

படம் கழுவி வருகிறவரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தாம்பரம் ஸ்டுடியோவில் கொடுத்திருந்தாள். கடைக்காரன் "இன்னா மேடம், புகை புகையா கீது, பிலிமு கெட்டுப்போச்சு போல, கழுவுன காசு வேணாம்" என்றானாம். அவள் ஒவ்வொரு படத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலேஜுக்குப் போனாள். சாயங்காலம் சார் கேட்டுக்கு வெளியே நின்றார், நான் உள்ளே நின்றேன், மருமகள் ஜன்னலில் நின்றாள். மூன்று பேரும் தற்செயலாக நிற்பதுபோல.

அவள் தூரத்திலேயே கையை ஆட்டினாள்.

புரொபசர் படங்களை ரொம்ப நேரம் பார்த்தாராம். ஓரத்தில் உருளுவதைப் பார்த்ததும் சிரித்தாராம். தன் பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் கொண்டுவந்தாளே என்று இருக்கும். இதையே செய், எந்த அளவு சூட்டுக்கு எந்த அளவு சுழி அடங்குகிறது, எப்போது புதிதாகக் கிளம்புகிறது, அதைக் கண்டுபிடி, தலைப்பை மாற்ற வேண்டாம் என்றாராம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாராம்.

"என்ன பவுடர் யூஸ் பண்ணீங்கன்னார். கோலமாவு சார்னேன். எந்தக் கம்பெனின்னு கேட்டார். சைக்கிள்ல வர்றவர் சார்னேன்."

மருமகள் ஜன்னலில் இருந்து, "ஹார்லிக்ஸ் கம்பெனின்னு சொல்றதுதானே அக்கா" என்றாள்.

சார் அந்த வாரமே பம்மலுக்குப் போய், என் மகளுக்கு அந்த வேலை வேண்டாம், வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வேர்க்க விறுவிறுக்க வந்து படியில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தேன்.

"வருத்தமா கீதா சார்?"

"வருத்தம்தான். ஆனால் அங்கே இப்போது இருக்கிற ஹெட்மாஸ்டர், அப்படி என்னதான் ஆராய்ச்சி பண்ணுகிறாள் உங்கள் மகள் என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன்."

"அவருக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கே முழுக்கப் புரியவில்லையே அம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த மனுஷன் அப்படி ஒரு பெருமையாக மோரைக் குடித்தார்.

அதற்கப்புறமும் அவள் இங்கேயே இருந்து படித்து முடித்தாள். எனக்குத்தான் ஒன்று மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஜீரணமாகவில்லை. சுழி அடங்குவதற்குக் காற்று உப்புவது மட்டும் காரணமில்லையாம், இன்னொன்றும் இருக்கிறதாம். காற்று சூடானால் கெட்டியாகிவிடுமாம். கெட்டி என்றால் கனம் இல்லை. கனம் குறையும், ஆனால் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடுமாம். சின்னச் சின்னச் சுழியெல்லாம் அந்தப் பாகில் மாட்டி நின்றுபோகுமாம். நீயே சொல்லு, எண்ணெய் சூடானால் நீர்த்துப்போகிறது, நெய் சூடானால் நீர்த்துப்போகிறது, வெல்லப்பாகுகூடச் சூட்டில்தான் இளகும். காற்று மட்டும் எப்படித் தலைகீழாக நடக்கும்? நான் அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள், அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத துகள் எல்லாம் சூட்டில் வேகம் பிடித்து, ஒரு வரிசையில் இருந்து இன்னொரு வரிசைக்குக் குதித்து, ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும் என்று. குதிக்கிறது எப்படிப் பிடிக்கும்? ஓடுகிறவன் யாரையாவது பிடிப்பானா? நன்றாக யோசித்துப் பார் கண்ணு, நீ பத்தாவது வரைக்கும் படித்தவள்தானே, உன் புருஷனிடமும் கேட்டுப் பார். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அந்த இட்லிப்பானையைத் திறக்கும்போது வருகிற ஆவி இருக்கிறதே, அது முதலில் சுழலாமல்...

ஐயோ, அது என்ன சத்தம்? மாடி டேங்க் வழியுது! கரண்ட் வந்துச்சேன்னு மோட்டாரைப் போட்டேன், பேச்சுல மறந்தே பூட்டேன். இரு இரு, அணைச்சுட்டு வரேன், தண்ணியெல்லாம் தெருவுல ஓடுது பாரு...